போன் கடலில் விழுந்தாலும் கணக்கு கரையில் இருக்க: இரண்டாம் பூட்டை அமைக்கும் வரிசை

ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் நகல் எடுப்பது, விண்ணப்பம் நிரப்புவது, ரயில் டிக்கெட் போடுவது என்று ஒரு சிறிய கடை நடத்துகிறேன். வாரத்துக்கு இரண்டு பேராவது வந்து கேட்பார்கள்: "அண்ணே, போன் போய்விட்டது, மெயிலைத் திறக்க முடியவில்லை." அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. பாம்பனில் ஒரு வள்ளத்திலிருந்து இறங்கும்போது குனிந்தேன். சட்டைப் பையிலிருந்த போன் தண்ணீருக்குள் போனது. ஓடிபி வரும் சிம் அதில்தான். குறியீடு காட்டும் செயலியும் அதில்தான். அவசரத்துக்கு என்று எடுத்து வைத்த காப்புக் குறியீடுகளின் ஸ்கிரீன்ஷாட்டும் அதில்தான். மின்னஞ்சலைத் திரும்பப் பெற 11 நாள் ஆனது.

தலைப்பில் சொன்ன இரண்டாம் பூட்டு, அதாவது இரு படிச் சரிபார்ப்பு, எளிய சங்கதி. கடவுச்சொல்லைச் சொன்ன பிறகு, வந்திருப்பது நீங்கள்தானா என்று பார்க்க, உங்கள் கையில் இருக்கும் ஒரு பொருளைக் கணக்கு கேட்கும். பெரும்பாலும் அது போன். கடவுச்சொல்லைத் திருடியவனும் போன் இல்லாமல் உள்ளே வர முடியாது. போன் இல்லாவிட்டால் நீங்களும் வர முடியாது. கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான்.

வரிசையை மாற்றாதீர்கள். பூட்டைப் போட்ட கையோடு மாற்றுச் சாவியையும் செய்து வைக்க வேண்டும். பலர் பூட்டிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று விடுகிறார்கள். அந்தப் பிறகு வருவதேயில்லை.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு மணி நேரம். நல்ல சிக்னல் உள்ள இடம். விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. வலை பின்னும் நாள்களில் ஒரு பிற்பகல் போதும்.

பால்பாயிண்ட் பேனா, கெட்டியான அட்டை இரண்டு, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை இரண்டு. ஜெல் பேனா வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் ஜெல் மை கலங்கக்கூடும். அட்டையில் எழுதப்போவது எட்டு இலக்கக் காப்புக் குறியீடுகள்; இரண்டு இலக்கம் கலங்கினாலும் குறியீடு பயன்படாது. பில் போடும் இயந்திரத்தின் வழவழப்பான தாளிலும் அச்செடுக்க வேண்டாம். அந்த எழுத்து வெப்பத்தில் தானாகவே மங்கிவிடும்.

வீட்டில் அலமாரிக்குள் கிடக்கும் பழைய போன் ஒன்று. திரை கீறியிருந்தாலும் சிம் இல்லாவிட்டாலும் கவலையில்லை, வைஃபை பிடித்தால் போதும். இது எதற்கு என்பது 7ஆம் படியில் தெரியும்.

ஒரு கணினி அல்லது இன்னொருவர் போன். க்யூஆர் கட்டத்தை ஒரு திரையில் காட்டி, இன்னொரு போனால் படிக்க வேண்டியிருக்கும். ஒரே போனை வைத்துக்கொண்டு அதன் திரையை அதன் கேமராவுக்கே காட்ட முயன்று சோர்ந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. கணக்கு யாருடையது, எண் யாருடையது என்று முதலில் பாருங்கள்

எல்லோரும் தாண்டிப்போகும் படி இது. கடையில் நான் பார்க்கும் சிக்கல்களில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

போன் வாங்கிய அன்று கடைப் பையன் ஒரு மின்னஞ்சல் கணக்கு திறந்து கொடுத்திருப்பான். கடவுச்சொல் அவன் வைத்தது. மீட்பு எண் என்ற இடத்தில் அவசரத்துக்கு அவன் எண்ணையே போட்டிருப்பான். அவன் இப்போது திருப்பூரில் வேலை பார்ப்பான். இந்த நிலையில் இரண்டாம் பூட்டைப் போடுவது, அடுத்தவர் வீட்டுக்கு நாம் பூட்டு வாங்கிக் கொடுப்பது போன்றது. ஆகவே கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல் இரண்டையும் பாருங்கள். தெரியாத எண் இருந்தால் நீக்குங்கள். கடவுச்சொல்லை நீங்களே மாற்றி, மாற்றியதை ஒரு முறை கையால் தட்டி உள்ளே நுழைந்து பாருங்கள். போன் தானாக நிரப்பித் தருவதால் பலருக்குத் தங்கள் கடவுச்சொல் தெரியவே தெரியாது.

அடுத்தது குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே எண். மனைவியின் வங்கிக் கணக்கு, மகளின் கல்லூரி விண்ணப்பம், கேஸ் பதிவு, எல்லாம் கணவரின் எண்ணில். ராமேசுவரத்திலிருந்து திங்கள் காலை போன விசைப்படகு செவ்வாய்க் காலைதான் கரை சேரும். கரையைவிட்டுச் சற்றுத் தள்ளிப் போனாலே சிக்னல் அறுந்துவிடும். மகளின் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் திங்கள் மாலை. ஓடிபி நடுக்கடலில் இருப்பவரைத் தேடிப் போகிறது. என் கடை பெஞ்சில் அழுதுகொண்டிருந்த பெண்ணுக்கு நான் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. யாருடைய கணக்கோ அவருடைய எண். கரையில் இருப்பவருக்கெனத் தனி சிம். இதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

கீழக்கரை, தொண்டிப் பக்கம் இதே சிக்கல் வேறு உருவில் வரும். வளைகுடாவில் வேலை செய்பவர் ஊர் எண்ணை மறந்துவிடுவார். ரீசார்ஜும் இல்லை, அழைப்பும் இல்லை என்று தொடர்ந்து 90 நாள் கிடந்தால் அந்த எண் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்குப் போய்விடலாம். அப்போது உங்கள் ஓடிபி அந்த வேறொருவருக்குப் போகும். "காக்கா (அண்ணன்) வருகிற வரைக்கும் இருக்கட்டும்" என்று சிம்மை டப்பாவில் போட்டு வைத்தால் போதாது. அது ஒரு போனில் உயிரோடு இருக்க வேண்டும், மாதாமாதம் ரீசார்ஜ் ஆக வேண்டும்.

3. மின்னஞ்சல் முதலில், மற்றவை பிறகு

பெரும்பாலான கணக்குகளில் கடவுச்சொல் மறந்தால் மீட்பு இணைப்பு மின்னஞ்சலுக்குத்தான் வரும். மின்னஞ்சல் போனால் பின்னால் உள்ளவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஆகவே அதைத்தான் முதலில் பூட்ட வேண்டும். அடுத்து வாட்ஸ்அப், அதற்கடுத்து சிம், பிறகு முகநூல் முதலானவை. நான்கைந்தை ஒரே மூச்சில் முடிக்க முயல வேண்டாம். ஒன்றை ஒத்திகை வரை கொண்டுபோய் முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

தொடங்கும் முன் ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரையுங்கள்: இந்தக் கணக்கு எதைக் கேட்கிறது, அது எங்கே இருக்கிறது. மின்னஞ்சல் போனைக் கேட்கிறது. போனின் காப்புப்பிரதி மின்னஞ்சலுக்குள் இருக்கிறது. இப்படி அம்புகள் ஒன்றையொன்று சுற்றினால் ஒன்று போகும்போது இரண்டும் போகும். ஒரு அம்பாவது போனுக்கு வெளியே, ஒரு தாளிலோ இன்னொரு வீட்டிலோ போய் முடிய வேண்டும்.

4. எந்த இரண்டாம் பூட்டு?

குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி எல்லோருக்கும் பழகியது. ஆனால் அதற்கு சிக்னல் வேண்டும். தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கம் போனால் போன் அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு இலங்கைக்கு வரவேற்கும். ரோமிங் திறந்திருக்காவிட்டால் ஓடிபி வராது. சிம்மைக் கைப்பற்றியவனுக்கும் அது போய்ச் சேரும். ஒன்றும் இல்லாததற்கு இது மேல். வேறு வழி இருந்தால் இதையே முதல் வழியாக வைக்க வேண்டாம்.

ஆதன்டிகேட்டர் என்ற வகைச் செயலி 30 விநாடிக்கு ஒரு முறை ஆறு இலக்கக் குறியீடு காட்டும். சிக்னலும் வேண்டாம், இணையமும் வேண்டாம். செயலியில் கணக்கைச் சேர்க்கும்போது பெற்ற ஒரு ரகசியச் சரத்தையும் (எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட தொடர்) அந்த நேரத்தையும் வைத்துக் குறியீட்டைப் போனே கணக்கிட்டுக்கொள்கிறது. அதனால் நடுக்கடலிலும் வேலை செய்யும், சிம் இல்லாத போனிலும் வேலை செய்யும். நம் ஊருக்கு இதுதான் ஏற்றது என்பது என் தீர்ப்பு.

பாஸ்கீ என்பது விரல்ரேகை, முகம் அல்லது திரைப்பூட்டால் திறப்பது. போலிப் பக்கத்தில் ஏமாந்து குறியீட்டைத் தட்டிவிடும் ஆபத்து இதில் இல்லை. ஆனால் வலை இழுப்பவர், பாசி எடுப்பவர், ஓலை முடைபவர் ஆகியோரின் விரல்ரேகை தேய்ந்திருக்கும். ரேஷன் கடைக் கருவியே பலமுறை வைக்கச் சொல்கிறது. அவர்கள் திரைப்பூட்டு எண்ணை நம்புவது நல்லது. அந்த எண் பிறந்த ஆண்டாக இருக்க வேண்டாம்.

வங்கிகள் பெரும்பாலும் குறுஞ்செய்தி ஓடிபியையே கேட்கும். அங்கே நமக்குத் தேர்வு குறைவு. ஆகவே சிம்மைத் தனியாகக் காக்க வேண்டும். அதை 9ஆம் படியில் பார்ப்போம்.

5. இயக்கிய கையோடு காப்புக் குறியீடுகள்

கூகுள் கணக்கு, பாதுகாப்பு, இரு படிச் சரிபார்ப்பு என்று உள்ளே போய் இயக்குங்கள். எண்ணைக் கேட்டால் கொடுங்கள். இயங்கியதும் பக்கத்தை மூடாதீர்கள். அதே பக்கத்தில் கீழே காப்புக் குறியீடுகள் என்று இருக்கும். அங்கே பத்துக் குறியீடுகள் கிடைக்கும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் செல்லும்.

இவைதான் மாற்றுச் சாவி. போன் இல்லை, சிம் இல்லை, செயலி இல்லை என்றாலும் கடவுச்சொல்லும் இதில் ஒன்றும் இருந்தால் எந்தக் கணினியிலிருந்தும் நுழையலாம்.

இங்கே தடுமாறுகிறவர்கள் மூன்று வகை. முதல் வகையினர் ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர்கள். படம் போனிலேயே இருக்கிறது. அது கூகுள் போட்டோஸுக்கு ஏறியிருந்தாலும், அதைத் திறக்க அந்தக் கணக்குக்குள்தான் போக வேண்டும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. இரண்டாம் வகையினர் வாட்ஸ்அப்பில் தங்களுக்கே அனுப்பிக்கொள்பவர்கள். அதுவும் அதே போன்தான். மூன்றாம் வகையினர் புதிய தொகுப்பைத் தெரியாமல் உருவாக்குபவர்கள். புதிய பத்து வந்ததும் பழைய பத்தும் செல்லாது. அட்டையில் இருப்பது பழையது என்று தெரிய வருவது போன் தொலைந்த அன்றுதான். அட்டையின் மூலையில் எழுதிய தேதியைக் குறியுங்கள்.

கையால் எழுதுங்கள். என் கடையிலோ வேறு கடையிலோ அச்செடுத்து லேமினேஷன் போட வேண்டாம். என் தொழிலுக்கு எதிராகச் சொல்கிறேன்: நகல் கடைக் கணினியில் கோப்பு தங்கிவிடும், எந்தக் கடைக்காரரையும் அவ்வளவு நம்பத் தேவையில்லை. எழுதிய பின் ஒவ்வோர் இலக்கமாக வாசித்துச் சரிபாருங்கள். அவசரமாக எழுதிய 1 பிறகு 7 ஆகத் தெரியும்.

பொதுக் கணினியில் நுழையும்போது "இந்தச் சாதனத்தில் மீண்டும் கேட்க வேண்டாம்" என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வைத்தால் அந்தக் கணினிக்கு இரண்டாம் பூட்டே இல்லை என்று பொருள்.

6. அட்டையை எங்கே வைப்பது

இரண்டு அட்டை, இரண்டு வீடு. ஒன்று உங்கள் வீட்டில், பத்திரங்கள் இருக்கும் இடத்தில். இன்னொன்று கடலைவிட்டு உள்ளே தள்ளி, ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ இருக்கும் அக்கா வீட்டில். புயல் எச்சரிக்கை வந்து முகாமுக்குப் போகும்போது பத்திரப் பையை மறந்துபோவது நடக்கக்கூடியது. அக்கா வீட்டு அட்டை அப்போதைக்கு.

அட்டையில் மின்னஞ்சல் முகவரியையோ கடவுச்சொல்லையோ எழுத வேண்டாம். பத்து வரி எண்கள் மட்டும் இருந்தால் கண்டெடுத்தவருக்கு அது என்னவென்றே தெரியாது. அட்டையின் பின்பக்கம் போனின் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) எழுதி வையுங்கள். *#06# என்று தட்டினால் 15 இலக்கம் திரையில் வரும். தொலைந்த பிறகு இதைத் தட்டப் போனே இருக்காது.

பர்ஸ் வேண்டாம், போன் உறை வேண்டவே வேண்டாம். நம் பக்கம் பெரிய வழக்கம் ஒன்று: மடக்கு உறைக்குள் ஏடிஎம் கார்டும் ஆதார் நகலும் செருகி வைப்பது. யுபிஐ ரகசிய எண்ணைப் புதிதாக அமைக்க ஏடிஎம் கார்டின் கடைசி ஆறு இலக்கத்தையும் அது காலாவதியாகும் மாதத்தையும் கேட்பார்கள். போனும் சிம்மும் கார்டும் ஒரே உறையில் ஒரே திருடனிடம் போனால் அவனுக்குத் தேவையான எல்லாவற்றையும் நாமே கட்டிக் கொடுத்ததாக ஆகும். இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு அந்தக் கார்டை இப்போதே வெளியே எடுங்கள்.

வீட்டில் ஒருவருக்காவது அட்டை எங்கே இருக்கிறது, எதற்கு என்று தெரிய வேண்டும். மனைவியிடம் மறைத்த அட்டை, கணவர் மருத்துவமனையில் இருக்கும்போது உதவாது.

7. செயலியை இரண்டு போனில் ஒரே நேரத்தில் ஏற்றுவது

இதுதான் பழைய போனின் வேலை. கணினித் திரையில் இரு படிச் சரிபார்ப்புப் பக்கத்தைத் திறந்து ஆதன்டிகேட்டர் பகுதிக்குப் போனால் ஒரு க்யூஆர் கட்டம் வரும். அதைப் புதிய போனால் படியுங்கள். அடுத்து என்பதை அழுத்தும் முன், அதே கட்டத்தைப் பழைய போனாலும் படியுங்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே ஆறு இலக்கம் தெரிந்தால் சரி. பிறகு அடுத்து அழுத்தி அந்தக் குறியீட்டைக் கொடுத்து முடியுங்கள்.

காரணம்: கட்டத்துக்குள் இருப்பது 4ஆம் படியில் சொன்ன ரகசியச் சரம். அது எத்தனை போனில் இருக்கிறது என்று கூகுளுக்குத் தெரியாது, கவலையும் இல்லை. ஆனால் பக்கத்தை மூடிய பிறகு அதே கட்டம் திரும்ப வராது. தவறவிட்டவர்கள் கூகுள் ஆதன்டிகேட்டரில் கணக்குகளை இடமாற்றும் வசதி மூலம் முதல் போனிலிருந்து இரண்டாவதற்கு நகல் எடுக்கலாம். முதல் போன் கையில் இருக்கும்வரைதான் அதுவும்.

அதே செயலி குறியீடுகளைக் கூகுள் கணக்கில் ஏற்றி வைக்கும் வசதியையும் தருகிறது. முகநூல் போன்ற கணக்குகளுக்கு அது உதவும். கூகுள் கணக்கின் குறியீட்டுக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம். கூகுளுக்குள் போகக் குறியீடு வேண்டும், குறியீட்டை எடுக்கக் கூகுளுக்குள் போக வேண்டும். 3ஆம் படியில் வரைந்த அம்புகள் இங்கே சுற்றுகின்றன.

இரண்டு போனிலும் நேரம் தானாக அமையும்படி வையுங்கள். கடிகாரம் ஒன்றிரண்டு நிமிடம் பிசகினாலும் குறியீடு தவறு என்று வரும். மக்கள் செயலி கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள், அத்தோடு ரகசியச் சரமும் போகிறது. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். தனுஷ்கோடியில் அக்கரைக் கோபுரம் பிடித்ததால்தான் நேரம் மாறிவிட்டது என்று ஒருவர் சாதித்தார். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம்தான்; அவர் போனில் நேரத்தைக் கையால் மாற்றியிருந்தது அவருடைய பேரன்.

பழைய போன் அணைந்தே கிடந்தால் கடிகாரமும் பிசகும், பேட்டரியும் உப்பக்கூடும். மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றி வைஃபையில் இணையுங்கள். அமாவாசைக்கு அமாவாசை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. அதற்கும் திரைப்பூட்டு போடுங்கள். விளையாடக் குழந்தைகளிடம் கொடுக்கும் போனாக அது இருக்க வேண்டாம்.

8. வாட்ஸ்அப்

அமைப்புகள், கணக்கு, இரு படிச் சரிபார்ப்பு. ஆறு இலக்க ரகசிய எண் (பின்) கேட்கும். அடுத்து மின்னஞ்சல் கேட்கும். தவிர்க்கும் பொத்தானும் பக்கத்திலேயே இருக்கும். பத்தில் ஒன்பது பேர் தவிர்த்துவிடுகிறார்கள். பின்னை மறந்து மின்னஞ்சலும் கொடுத்திருக்காவிட்டால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். மீன் ஏலமும் ஐஸ் கணக்கும் வாட்ஸ்அப் குழுவிலேயே நடக்கும் ஊரில் ஏழு நாள் என்பது பெரிய நாள். மின்னஞ்சலைக் கொடுங்கள்.

வாட்ஸ்அப்பிலிருந்து என்று சொல்லி ஆறு இலக்கம் கேட்கும் எந்த அழைப்புக்கும் பதில் வேண்டாம். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் வேண்டாம். அவருடைய கணக்கை ஏற்கெனவே பிடித்தவன்தான் உங்களைக் கேட்பான்.

9. சிம்முக்கும் ஒரு பூட்டு

போனுக்குத் திரைப்பூட்டு இருக்கிறது. திருடன் அதைத் திறக்கப் போவதில்லை; சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுவான். ஓடிபி அங்கே வரும். சிம் பின் என்ற வசதி இதைத் தடுக்கும். போனின் பாதுகாப்பு அமைப்புகளில் சிம் பூட்டு என்று இருக்கும். வேறு போனில் போட்டாலும், போனை அணைத்து ஏற்றினாலும் நான்கு இலக்கம் கேட்கும்.

இயக்கும் முன் இரண்டு விஷயம். முதலில் உங்கள் நிறுவனம் வைத்திருக்கும் தொடக்கப் பின் எது என்று வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள், ஊகித்துத் தட்டாதீர்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு பியுகே என்ற எட்டு இலக்க எண் கேட்கும். அதிலும் பத்து முறை தவறினால் அந்த சிம் அவ்வளவுதான். இரண்டாவது, பியுகேயை முன்பே கேட்டு அட்டையில் எழுதி வைப்பது. சிம் வந்த பெரிய அட்டையில் அச்சிட்டிருக்கலாம், அது இன்னும் வீட்டில் இருந்தால்.

10. ஒத்திகை

இந்தப் படியைச் செய்யாதவருக்கு மேலே செய்த ஒன்பதும் நம்பிக்கை மட்டுமே.

போனை அணைத்து மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு வேறொரு கணினியில் தனிப்பட்ட உலாவல் (இன்காக்னிட்டோ) சாளரம் திறந்து மின்னஞ்சலில் நுழையுங்கள். கடவுச்சொல்லை நினைவிலிருந்து தட்ட வேண்டும். இரண்டாம் படி கேட்கும்போது "வேறு வழியில் முயல்க" என்பதை அழுத்தி அட்டையிலிருந்து ஒரு காப்புக் குறியீட்டைக் கொடுங்கள். உள்ளே போய்விட்டால் அந்தக் குறியீட்டின் மேல் கோடு போடுங்கள். இரண்டு அட்டையிலும்தான். இன்னும் ஒன்பது இருக்கிறது, கஞ்சத்தனம் வேண்டாம். வெளியேறி, மறுபடி பழைய போனின் செயலிக் குறியீட்டால் ஒரு முறை.

என் கடையில் ஒத்திகை பார்த்தவர்களில் முதல் தடவையே தடையில்லாமல் நுழைந்தவர்கள் குறைவு. கடவுச்சொல் நினைவில்லை, இலக்கம் தவறாக எழுதப்பட்டிருக்கிறது, பழைய போனின் திரைப்பூட்டு மறந்துவிட்டது. அன்றைக்கு இதெல்லாம் சிரித்துவிட்டுச் சரிசெய்யும் தவறுகள்.

11. போன் போன அன்று

முதலில் ஒரு கேள்வி: கடலில் விழுந்ததா, கையில் இருந்து போனதா? கடலில் விழுந்த போனை யாரும் திறக்கப் போவதில்லை. நிதானமாக மாற்று சிம் வாங்கி, காப்புக் குறியீட்டால் மின்னஞ்சலில் நுழைந்து வேலையைப் பார்க்கலாம். விழுந்ததைக் கண்ணால் பார்க்காவிட்டால் திருட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் தொலைந்ததா, ரயிலில் எடுத்தார்களா, கரையிலேயே விழுந்ததா என்று யோசித்து அரை நாளை வீணாக்க வேண்டாம்.

திருட்டு என்றால் வரிசை முக்கியம். இன்னொருவர் போனிலிருந்து உங்கள் எண்ணுக்கு ஒரு முறை அழையுங்கள், நல்லவர் எடுக்கலாம். எடுக்காவிட்டால் தொலைந்த போனைக் கண்டுபிடிக்கும் கூகுள் சேவையில் (ஃபைண்ட் ஹப்) நுழைந்து போனைத் தொலைவிலிருந்து பூட்டுங்கள். சிம்மை முடக்குவது அதற்குப் பிறகு. சிம்மை முதலில் முடக்கினால் போனின் இணையம் போய்விடும். பூட்டச் சொல்லும் கட்டளை அதற்குப் போய்ச் சேராது. ஆனால் பூட்டு விழும்வரை காத்துக்கொண்டிருக்கவும் கூடாது. ஐந்து நிமிடத்தில் ஆகாவிட்டால் நிறுவனத்தை அழைத்து சிம்மை முடக்குங்கள், அடுத்து வங்கியை. பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். மணி கணக்காகத் தாமதித்தால் பணம் பல கணக்கு மாறிவிடும்.

பிறகு காவல் நிலையத்தில் புகார், அதன் நகல். அடையாள அட்டையோடு போய் அதே எண்ணில் மாற்று சிம். அடுத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், புகார் நகலையும் அட்டையின் பின்பக்கம் எழுதிய ஐஎம்இஐ எண்ணையும் கொடுத்துப் போனையே முடக்கலாம். முடக்கிய போனில் வேறு சிம் போட்டாலும் நெட்வொர்க் கிடைக்காது. திரும்பக் கிடைத்தால் அதே தளத்தில் விடுவிக்கலாம். கொடுக்கும் கோரிக்கை எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

மாற்று சிம் போட்டதும் பலர் பதறுவது இதில்: அழைப்பு வருகிறது, ஓடிபி வரவில்லை. சிம் மாற்றிய பின் 24 மணி நேரம் குறுஞ்செய்தி நிறுத்தப்படும். பழுதல்ல, நம் பெயரில் வேறொருவன் சிம் வாங்கிப் பணம் எடுப்பதைத் தடுக்க வைத்த விதி. அந்த ஒரு நாளில் ஓடிபி கேட்கும் வங்கி வேலை எதுவும் செய்ய முடியாது. மின்னஞ்சலுக்கு அட்டை இருக்கிறது. வாட்ஸ்அப்புக்குக் குறுஞ்செய்திக்குப் பதிலாக அழைப்பு மூலம் குறியீடு பெறும் வழி இருக்கிறது, கொஞ்சம் காத்திருந்தால் அந்தப் பொத்தான் தெரியும்.

அட்டையோ வேறு இரண்டாம் வழியோ இல்லாதவர்களுக்கு: கூகுளின் கணக்கு மீட்புப் பக்கம் ஒன்றுதான் வழி. வழக்கமாகப் பயன்படுத்திய கணினி அல்லது பழைய போன், வழக்கமான வைஃபை, வழக்கமான இடம் ஆகியவற்றிலிருந்து முயலுங்கள். அறிமுகமான இடத்தை அது நம்புகிறது. என் கடைக்கு ஓடி வருவதைவிட உங்கள் வீட்டில் முயல்வதே நல்லது. கூகுள் வாடிக்கையாளர் சேவை என்று இணையத்தில் தேடிக் கிடைக்கும் எண்களை அழைக்காதீர்கள். ஜிமெயிலைத் திறந்து தர அப்படி ஆள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த எண்ணில் இருப்பவன் அடுத்த திருடன்.

12. புதிய போன் வந்த பிறகு

கூகுள் கணக்கின் சாதனங்கள் பட்டியலில் தொலைந்த போனை நீக்குங்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள். அலமாரிப் போனிலிருந்து செயலிக் கணக்குகளைப் புதிய போனுக்கு இடமாற்றுங்கள். போனது திருட்டு என்றால் இடமாற்றாமல் ஆதன்டிகேட்டரைப் புதிதாகவே அமையுங்கள், பழைய ரகசியச் சரம் திருடன் கையில் இருக்கிறது. புதிய காப்புக் குறியீடுகள் பத்து, புதிய தேதியோடு, இரண்டு அட்டையிலும். புதிய ஐஎம்இஐ.

பரமக்குடி அக்கா வீட்டு அட்டையை மாற்றுவதுதான் எல்லோரும் ஒத்திப்போடும் வேலை. நானும் ஒத்திப்போட்டேன். போனில் கேட்டு எழுதச் சொல்லலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாது என்று நீதானே தம்பி சொன்னாய்" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். பழைய அட்டையை அவள் அடுப்பில் போட்டுவிட்டுப் புதியதை வாங்கிக்கொண்டாள்.